பைக்குள் இருந்த மூன்று ஃப்யூஸ்

லைன்மேன் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். தோளில் குறுக்காகப் போட்ட காக்கிப் பைக்குள் குறடும் சுத்தியலும் முட்டிக்கொள்ளும் சத்தம், வேலந்தாவளத்துக்குப் போகும் மண்பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் எழும். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டால் என்ன, இத்தனை கனத்தைத் தோளில் சுமந்துகொண்டா மிதிக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "உள்ள என்ற உசுரு இருக்குது அம்மிணி. அதைப் போயிப் பின்னால கட்டுவாங்களா?" என்று சிரித்தார்.

அது வெறும் பேச்சில்லை. கம்பத்தில் ஏறுமுன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் இருக்கும் மூன்று பீங்கான் ஃப்யூஸ்களையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார். டிரான்ஸ்ஃபார்மர் ஓரிடத்தில் இருக்கும், பழுதான கம்பம் அரை மைல் தள்ளி இருக்கும். அவர் மேலே இருக்கையில் வேறு யாரும் கரண்டு விட்டுவிடாதபடி ஃப்யூஸ் அவரோடேயே சைக்கிளில் போகும். வேலை முடித்துத் திரும்பி வந்து அவர் மாட்டினால்தான் எங்கள் மோட்டார் ஓடும். எழுபதுகளில், கேரள எல்லைக்குள் இருந்த எங்கள் பக்கத்தில் கரண்டு வேலை இப்படித்தான் நடந்தது.

தோட்டக்காரர்களான எங்களுக்கோ வேறொரு வழக்கம். ஃப்யூஸ் போனால் ஆள் வர இரண்டு நாளாகும், அதற்குள் தக்காளி நாற்று கருகிவிடும். அதனால் தடித்த செம்புக் கம்பி சுற்றிய ஃப்யூஸ் கட்டைகளைச் சொந்தமாகவே வைத்திருந்தோம். பெட்டி காலியாகக் கிடந்தால் எவனோ களவாடிவிட்டான் என்று நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, சொந்தக் கட்டையைச் செருகிவிடுவோம். செய்யக்கூடாது என்று தெரியும். எல்லோரும் செய்தோம்.

அன்றைக்கு வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை. அப்பா இல்லாத வீட்டில் பண்ணையம் பார்த்த என் அண்ணன், விடியும் முன்பே எருதை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். லைன்மேன் வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். "பனை மட்டை உழுந்து கம்பி அறுந்து கெடக்குது. ஃப்யூஸ உருவிட்டேன். உங்கண்ணன் வந்தாச் சொல்லிப்போடு அம்மிணி" என்றார். "அண்ணன் பொழுது சாயத்தான் வருமுங்க" என்றேன். பைச் சத்தம் பனந்தோப்பு வளைவுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

எருது விலை போகவில்லை. உச்சிப்பொழுதுக்கே எரிச்சலோடு திரும்பிய அண்ணன் வீட்டுக்கு வராமல் நேரே தோட்டத்துக்குப் போயிருக்கிறான். எனக்கு அது தெரியாது. கிணற்றுப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பரவாயில்லையே, அதற்குள் வேலையை முடித்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஈரக்காலோடு வாசலில் வந்து நின்றான்.

"லைன்மேன் போயாச்சா?" என்றேன்.

"எந்த லைன்மேன்?" என்றான்.

இரண்டு பேரும் ஓடினோம். அவன் வழியில் தன் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தான். கம்பத்து உச்சியில் இடுப்புக் கயிற்றில் தலை தொங்க அவர் கிடந்தார். உயிர் இல்லை என்பது கீழிருந்தே தெரிந்தது. பக்கத்தில் ஒரு சனமும் இல்லை. ஏறும்போது கழற்றிய பை, சாய்த்து வைத்த சைக்கிளில் மாட்டியிருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "என்னையப் புடிச்சுட்டுப் போயிருவாங்க. அத எடு. எடுத்தாடீ!" என்று கத்தினான். மேலே அவர் தொங்கிக்கொண்டிருக்க, கீழே நான் அவர் பைக்குள் கைவிட்டு மூன்று ஃப்யூஸையும் எடுத்துக் கொடுத்தேன். அவன் ஓடிப்போய்ப் பெட்டியில் மாட்டினான். அதற்குப் பிறகுதான் ஐயோ என்று ஊரைக் கூப்பிட்டோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் மறைத்தோம். விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், மூன்றும் இருந்தன. ஃப்யூஸைப் பிடுங்காமல் ஏறியிருக்கிறார், அவருடைய கவனக்குறைவு என்று மலையாளத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். தவறு அவர்மேல் என்றானதால் அவர் சம்சாரத்துக்கு வாரிசு வேலை கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அந்த அக்கா கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "என்ற ஊட்டுக்காரரு ஃப்யூஸப் புடுங்காம ஏறவே மாட்டாருங்க. இந்த வழியாத்தான் போனாராம். உன்றகிட்ட ஒண்ணுமே சொல்லலியா அம்மிணி?" என்று கேட்டாள். அண்ணன் உள்ளே கதவோரம் நின்றிருந்தான். "நான் பாக்கவே இல்லீங்கக்கா" என்றேன். அவள் என்னை நம்பினாள். பிறகு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

போன தையில் அண்ணன் இறந்தான். அவன் உயிரோடு இருக்கும் வரைக்கும் வாயைத் திறக்காத கோழை நான். காரியம் முடிந்ததும் விசாரித்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அந்த மண்பாதை இப்போது தார் ரோடு, பஸ் போகிறது. எண்பதைத் தொட்ட உடம்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். வைவாள், காறித் துப்புவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"மொதல்ல நான் நம்பல அம்மிணி. ஊரே சொல்லவும் நம்பிட்டேன்" என்றாள். "என்ற பையன் எங்கியாச்சும் உழுந்து அடிபட்டு வந்தான்னா, ‘உங்கப்பனாட்ட அசட்டையா இருந்து சாகாதடா’ன்னு சொல்லிச் சொல்லித்தான் அடிச்சேன்."