மணவறைக்கு மேலே யார் சேலை?

போன வாரம் ஒரு பந்தலுக்குச் சேலை கட்டினேன். சிரிக்காதீர்கள். உண்மையாகவே சேலைதான்.

பரளச்சியில் என் சிநேகிதன் சுந்தரராஜ் மகளுக்குக் கல்யாணம். கீற்றுக்கு அடியில் கட்டும் கலர் துணியை அருப்புக்கோட்டை வாடகைக் கடைக்காரர் வேறு முகூர்த்தத்துக்குக் கொடுத்துவிட்டார். வெறும் கீற்றாக விட்டால் தூசியும் துரும்பும் மாப்பிள்ளை தலையில் விழும். என்ன செய்ய? வீட்டுக்கு வீடு சேலை வாங்கிக் கட்டிவிடுவோம் என்று முடிவானது.

வேலை என் தலையில் விழுந்தது. "ஏலே, நீதாண்டா சரி. உன்கிட்ட யாரும் சண்டைக்கு வர மாட்டாக" என்றான் சுந்தரராஜ். வாயில்லாதவனுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை இது!

சுந்தரராஜுக்கு இரண்டு அக்காமார். மூத்தவர் திருச்சுழி. இளையவர் அடுத்த தெரு. அம்மா வீட்டு ஆட்டுரல் யாருக்கு என்று ஆரம்பித்த தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லை. "ரெண்டு அத்தையும் பக்கத்துல நின்னாத்தான் மணையில உக்காருவேன்" என்று கல்யாணப் பெண் சொல்லிவிட்டாள். கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் சம்மதிக்க வைத்திருந்தான்.

மூத்தவர் சிவப்புப் பட்டோடு வந்தார். "தம்பி, மணவறைக்கு மேல நம்ம சேலைதான்! அவ சேல அங்க தொங்குச்சு... அடுத்த பஸ்ஸுக்கு நான் கெளம்பிருவேன்."

"சரிங்க்கா" என்றேன்.

அவர் போன கையோடு இளையவர், பச்சைப் பட்டோடு. "எங்கக்கா சேலைக்குக் கீழ தாலி கட்டுறதா இருந்தா, எங்க வீட்டு ஆளு ஒருத்தரும் பந்தல மிதிக்க மாட்டோம். சொல்லிட்டேன் தம்பி."

"சரிங்க்கா" என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

ஆளுக்குப் பாதி கட்டலாமே என்பீர்கள். கட்டலாம்... மாப்பிள்ளை பக்கம் யாருடையது, பொண்ணு பக்கம் யாருடையது?

ஏணியில் நின்று யோசித்தேன். கடைசியில் இரண்டு பட்டுச் சேலையையும் வாசல் பக்கம் ஆளுக்கொரு மூலையில் கட்டிவிட்டு, மணவறைக்கு மேலே என் சம்சாரத்தின் பழைய நூல் சேலையைக் கட்டினேன். யார் கண்ணிலும் படாது என்று ஒரு நம்பிக்கை!

காலையில் வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். அவ்வளவுதான் — சேலையில் எலி கடித்த ஓட்டையும் அதற்குப் போட்ட ஒட்டும் பளிச்சென்று தெரிந்தன.

மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். இளையவரும் நிமிர்ந்து பார்த்தார். சுந்தரராஜ் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏ தங்கச்சி... நம்ம பட்டெல்லாம் வாசல்ல தொங்குது. நம்ம புள்ள தலைக்கு மேல இது யாரு சேலடி?"

"அந்தா, ஏணியத் தூக்கிட்டு நழுவுறாருல்ல... அவுக வீட்டுச் சேலதான்க்கா. ஓட்டையப் பாரேன்!"

"பாத்தா பூனை மாதிரி இருக்கான். பொண்டாட்டி சேலைய எங்க கொண்டுபோயி ஏத்தியிருக்கான் பாரு!"

வருஷக்கணக்கில் அடைத்துக் கிடந்த பேச்சு. அப்புறம் நிற்கவே இல்லை. பெண்ணுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று என்னைத் திட்டினார்கள். தாலி கட்டும்போது மட்டும் நிறுத்திக் குலவை போட்டார்கள். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. அங்கேயும் தொட்டுக்கொள்ள நான்தான்.

"பெரிய காரியம் பண்ணிட்டடா" என்று சுந்தரராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான்.

பிரிந்த இருவரைச் சேர்த்துவைக்கப் புத்திமதி எதற்கு? சேர்ந்து திட்ட ஒரு ஆள் போதும்.

என் சம்சாரம்தான், அந்த ஓட்டை வீடியோ கேசட்டில் ஏறியதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து திட்ட யாராவது ஒரு நல்லவர் கிடைப்பாரா?