சகுந்தலா அக்காவின் இருட்டுப் படங்கள்

செய்தி வந்தபோது நீதிமன்ற நகல் பிரிவில் நான் ஒரு தீர்ப்பின் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர் மேசைக்காரர் வெளியிலிருந்து வந்து, உட்காராமல் நின்றபடியே, "பானு மேடம், நம்ம சகுந்தலாம்மா போயிட்டாங்களாம். மாடியில சேர்ல உக்காந்தமேனிக்கே" என்றார். நான் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்ட பக்கத்தில்தான் பிழை ஒளிந்துகொள்ளும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொன்னவர் சகுந்தலா அக்காதான்.

திண்டுக்கல் நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் சகுந்தலா அக்கா. வளாகத்தில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் அதிகம் பேசாத, சிரிக்காத, விடுப்பு எடுக்காத ஒரு அம்மா. திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் விட்டுச்சென்ற மாடி வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போய் வந்த எங்கள் ஐந்தாறு பேருக்கு மட்டும் இன்னொரு சகுந்தலா அக்காவைத் தெரியும். இதை முக்கியமாக அவரை அப்படி அறியாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அவர் பழைய அமெரிக்கக் குற்றப் படங்களைச் சேர்த்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள். மழை நனைத்த தெரு, தொப்பி போட்ட ஆண்கள், சுவரில் விழும் ஜன்னல் கம்பிகளின் நிழல், கடைசியில் யாருக்கும் நல்லது நடக்காத கதை. வெளிநாட்டார் அந்த வகைக்கு 'நுவார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா 'இருட்டுப் படம்' என்பார். ஊரில் ஒரு வீடியோ நூலகம் மூடப்பட்டபோது, யாரும் வாடகைக்கு எடுக்காத ஆங்கில கேசட்டுகளைக் கடைக்காரர் ஒரு சாக்கில் போட்டு இவரிடம் தள்ளிவிட்டார். அதில் மூன்று நான்கு இருட்டுப் படங்கள் இருந்தன. தொடக்கம் அதுதான். பிறகு மதுரை நடைபாதைக் கடைகளில் குனிந்து தேடினார். சென்னைக்கு யார் போனாலும் பட்டியல் கொடுத்தனுப்பினார். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தார். நம் ஊர் டிவிடி பிளேயரில் அவை ஓடாதென்று தெரிந்ததும் அதற்கென்றே ஒரு பிளேயரைத் தேடி வாங்கினார். ஒரே படம் கேசட்டிலும் இருக்கும், சிடியிலும் இருக்கும், டிவிடியிலும் இருக்கும். "இப்பத்தான் எல்லாம் போன்லயே வருதேக்கா" என்று ஒருமுறை சொன்னேன். "போன்ல இருக்கறது நாளைக்கு சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். அலமாரியில இருக்கறது நானாத் தூக்கிப் போட்டாத்தான் போகும்" என்றார்.

ஏன் இந்தப் படங்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் அம்மா, "ஞாயித்துக்கெழமையானா பேய்ப் படம் பாக்கப் போயிர்றா" என்று என்னைத் திட்டுவார். அக்கா சொன்ன காரணம் எளிமையானது. "இதுல யாரும் கடைசி ரீல்ல திருந்துறதில்ல பானு. கோர்ட்ல இம்புட்டு வருசம் நான் டைப் அடிச்சதும் அதைத்தானே." காலைப் பலகாரம் முடிந்து நாங்கள் கூடுவோம். திரைச்சீலைகளை இழுத்து, கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பட்டப்பகலில் அந்த அறையை அவர் ராத்திரியாக்குவார்.

செல்வி அங்கேதான் எங்களோடு சேர்ந்தாள். பக்கத்து வீட்டு மருமகள். அந்தக் குடும்பத்துக்குப் பூ மண்டி. அவள் அப்பா சேவுகம்பட்டியில் மல்லிகை போட்டிருந்தார். மண்டிப் பழக்கத்தில் வந்த சம்பந்தம். கணவன் மண்டிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, "செத்த நேரம் இருந்துட்டுப் போறேங்க்கா" என்று வந்து சுவரோரம் உட்காருவாள். ஆங்கிலம் புரியாது. அக்கா தணிந்த குரலில் கதை சொல்லிக்கொண்டே வருவார். ஒரு படத்தில் அடித்துத் துன்புறுத்தும் கணவனோடு ஒருத்தி ஒட்டிக்கொண்டே இருந்தாள். "இவ ஏங்க்கா இன்னமும் இவங்கூட இருக்கா? அவுக வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். "போயிட்டா படம் முடிஞ்சிரும்ல" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். செல்வி சிரிக்கவில்லை. "போனா மட்டும் அங்க யாரு வச்சுக்கிருவா" என்று திரையைப் பார்த்தே சொன்னாள்.

கேசட்டுகளுக்குப் பூசணம் பெரிய எதிரி. மழைக்காலம் முடிந்ததும் உள்ளே நாடாவில் வெள்ளை படியும். காய்ந்த நாளாகப் பார்த்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாயை விரித்து, மூடியைத் திறந்து, அக்கா அவற்றைக் காற்றாட வைப்பார். நேரே வெயில் படக்கூடாது. அதனால்தான் தொட்டிக்குப் பின்னால். பக்கத்து மாடியில் இருப்பவர்களுக்கு அவர் அங்கே இருப்பது தெரியாது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான் செல்வி பக்கத்து மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். துணி எடுக்கப் போனவள் தலைசுற்றி விழுந்துவிட்டாள் என்றது அந்த வீடு. நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் குற்றவாளி என்று எழுத எனக்கு உரிமையில்லை, பெயரும் சொல்லப்போவதில்லை. அக்கா கூண்டில் ஏறிச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். கைப்பிடிச் சுவரோரம் கணவனும் மனைவியும் நின்றார்கள். பேச்சு வலுத்தது. கணவருடைய இரண்டு கைகளும் அவள் தோள்களில் இருந்தன. அந்த நேரத்தில் மடியிலிருந்த கேசட் நழுவி நாடா அவிழ்ந்தது. அக்கா குனிந்து அதைப் பிடித்தார். நிமிர்ந்தபோது மாடியில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய கைகள் நீட்டியபடியே இருந்தன. அவற்றில் யாரும் இல்லை.

வழக்கு மெல்ல நகர்ந்தது. அதற்குள் அந்த வீட்டுத் தரப்பில் அக்காவிடம் பலர் வந்தார்கள். நைச்சியமாகப் பேசினார்கள், மிரட்டினார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இதற்கெல்லாம் அவர் அசையவில்லை. அவரை அசைத்தது வேறு. செல்விக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்த ஒருவர் என் முன்னாலேயே அவரிடம் கேட்டார்: "தள்ளினாருன்னு ஒரு வார்த்தை போதும்மா. உங்களுக்குத் தெரியும்ல, அவன்தான் தள்ளினான்னு?"

"தெரியும்."

"அப்பொறம் என்ன?"

"பாக்கலையே."

"ஒரு நொடி வித்தியாசம்மா அது!"

"ஆமா. அந்த நொடியில நான் குனிஞ்சிருந்தேன்."

அவர் போன பிறகு அக்கா சொன்னார்: "பாக்காததைப் பாத்தேன்னு சொன்னவுக, பாத்ததைப் பாக்கலைன்னு சொன்னவுக, ரெண்டு பேரு பொய்யையும் இந்தக் கையாலதான் எழுதி எழுதி டைப் அடிச்சேன் பானு. நானும் அதுல ஒரு ஆளா ஏறி நிக்கவா?"

சாட்சி சொல்வதற்குச் சில நாட்களுக்கு முன் செல்வியின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவரை அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் இருந்தேன்.

"எம்மகளுக்கு அப்பப்ப தலைசுத்து வரும்னு கோர்ட்ல சொல்லப்போறேம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"வருமா?"

"வராது."

அவரே தொடர்ந்தார். "இளையவ ஒருத்தி இருக்காம்மா. இந்தக் கேசு நடக்குற வரைக்கும் பொண்ணு கேட்டு எங்க வாசப்படியை எவனும் மிதிக்க மாட்டேங்குறான். செத்தவளுக்குப் பாக்கவா, இருக்கறவளுக்குப் பாக்கவா, சொல்லுங்க."

"சாப்டீங்களா?" என்று கேட்டார் அக்கா. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் இருக்கவில்லை. மோர் சோறும் ஊறுகாயும் வைத்தார். அந்த மனிதர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அக்கா எதிரில் உட்கார்ந்து இரண்டாம் முறையும் சோறு போட்டார். அவர் போனதும் நான் ஏதோ கோபமாகச் சொல்ல வாயெடுத்தேன். "பேசாம இரு" என்றார்.

அக்காவை விசாரித்த நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிகழ்ச்சியைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. படங்களைப் பற்றிக் கேட்டார்.

"உங்கள் வீட்டில் நூற்றுக்கணக்கில் கொலைப் படங்கள் இருக்கின்றன, சரியா?"

"குற்றப் படங்கள். ஆமாம்."

"வீட்டை இருட்டாக்கிக்கொண்டு பகல் முழுக்கப் பார்ப்பீர்கள்?"

"ஞாயிற்றுக்கிழமைகளில்."

"அந்தப் படங்களில் பெரும்பாலும் கணவன் மனைவியைக் கொல்வான், அல்லது மனைவி கணவனை. அப்படித்தானே? தனியாக வாழ்கிற, வயதான ஒரு பெண், இதையே வருடக்கணக்காகப் பார்த்தால், பக்கத்து வீட்டில் நடப்பதும் அப்படித்தான் தெரியும் என்கிறேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அக்காவின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் சேர்த்ததெல்லாம், அவருக்குப் பிரியமானதெல்லாம், அவருக்கு எதிராகவே அங்கே எடுத்து வைக்கப்பட்டது. ஆனால் குரல் மாறவில்லை.

"படம் பார்க்கும்போது எனக்குக் கதை முன்னாலேயே தெரியும். அன்று எனக்குக் கதை தெரியாது. பார்த்தது மட்டும்தான் தெரியும்."

"நல்லது. தள்ளியதைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"அவ்வளவுதான்" என்று வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார்.

செல்வியின் அப்பா தலைசுற்றல் என்று சொல்லியிருந்தார். அக்காவின் சாட்சியம் மட்டும் மிஞ்சியது, அதுவும் போதவில்லை. தீர்ப்பு விடுதலை. அதன் நகலைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டதும் நான்தான். அது என் வேலை.

அதன் பிறகு அவர் படம் பார்க்கவில்லை. அலமாரியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். வருடக்கணக்காக அவர் தேடிய ஒரு படம் தீர்ப்பு வந்த வாரத்தில் தபாலில் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "ஒரு வார்த்தை சேத்திருக்கலாமோ பானு?" பதிலுக்குக் காத்திராமல் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டில் மறுபடி மேளம் கொட்டியது. செல்வி இருந்த இடத்துக்குப் புதிய மருமகள் வந்தாள். அடுத்த நாளிலிருந்து அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாடிக்கு எடுத்துப்போனார். தொட்டிக்குப் பின்னால் அல்ல. சுவரை ஒட்டி, எவர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் துணி காயப்போட, எடுக்க வரும் வேளைகளில் எல்லாம் உட்கார்ந்திருப்பார். இதயம் பலவீனமாக இருக்கிறது, வெயில் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"என்னக்கா இது, இந்த வெயில்ல?" என்று சண்டை போட்டேன்.

"அன்னைக்கி நான் மறைவுல இருந்தேன். ஆளு இருக்கறது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கையை வச்சிருப்பானா? இப்பத் தெரியட்டும்."

அந்த மனிதரே ஒருமுறை சுவரோரம் வந்து, "என்ன மேடம், எங்க வீட்டையே பாத்துக்கிட்டு இருக்கீக?" என்று கேட்டாராம். "எங்க வீட்டு மாடியில நான் உக்காந்திருக்கேன் தம்பி" என்றாராம் அக்கா. எத்தனையோ கோடைகள் அப்படிப் போயின. இந்தச் சித்திரை வெயில் அவரை விடவில்லை. அவர் தலை சாய்ந்திருப்பதை முதலில் பார்த்துக் கூச்சல் போட்டவள் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான்.

காரியங்களைச் செய்ய அவருடைய தம்பி மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். நல்ல பிள்ளை. போர்வையை விலக்கி அலமாரியைப் பார்த்துத் திகைத்து, "இதெல்லாம் நீங்க எடுத்துக்கறீங்களா? இல்லீன்னா பழைய சாமான் கடைக்குத்தானுங்க போகும்" என்றார். எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். வீட்டைப் பூட்டிவிட்டு, பிறகு விலை வந்தால் கொடுத்துவிடுவதாக அவர் எண்ணம்.

அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பின்வாசல் வழியாக வந்தாள். கணவர் மண்டிக்குப் போயிருந்தார். அக்காவின் புகைப்படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அவளோடு நான் பேசியதே இல்லை. அவளாகவே கேட்டாள்: "இந்த வீட்டுக்கு வேற யாரும் குடி வருவாகளாக்கா?"

"தெரியலம்மா. பூட்டித்தான் போடப்போறாங்க."

அவள் தலையாட்டினாள். அவள் முன்கையில் வளையல்களுக்கு மேலே ஒரு கன்றிப்போன தடம் இருந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு தாளைக் கிழித்து என் கைபேசி எண்ணை எழுதப் போனேன்.

"எழுத வேணாங்க்கா. அவரு பாத்துருவாரு. வாயால சொல்லுங்க."

சொன்னேன். அவள் உதடசைத்துத் திருப்பிச் சொன்னாள். ஒரு இலக்கத்தைத் தவறாகச் சொன்னாள், திருத்தினேன். இன்னொரு முறை முழுதாகச் சரியாகச் சொல்லிவிட்டு, "வாரேங்க்கா" என்று வந்த வழியே போனாள்.

சகுந்தலா அக்காவின் படங்கள் இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கின்றன, அந்தப் பிரிக்காத உறையும் சேர்த்து. மழைக்காலம் முடிந்ததும் கேசட்டுகளைக் காற்றாட வைப்பேன். என்றாலும் அவரிடமிருந்து எனக்கு உண்மையில் வந்து சேர்ந்தது அந்தப் பெண் மனப்பாடம் செய்துகொண்டு போன எண்தான். கைபேசியை நான் இப்போதெல்லாம் அணைப்பதில்லை. அவள் இதுவரை அழைக்கவில்லை. அழைத்தால் எடுப்பேன், போவேன், பார்ப்பேன், பார்த்ததைச் சொல்வேன்.