குப்பைக்கூடையில் முத்துராமலிங்க மாமா

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிடங்கில் பில் போடுகிறாள் இசக்கிசெல்வி. ராசப்பன், பாக்கியலக்ஷ்மி தம்பதிக்கு மூத்தவள், கல்யாணமாகியும் அவர்களோடேயே இருப்பவள். அவளிடம் ஒரு லேப்டாப் உண்டு. காக்கநாட்டில் கார் ஓட்டுகிற சித்தி மகன் விக்கி, ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டதை வாங்கிக் கொடுத்தது. பொத்தானை அமுக்கினால் சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மகள் பெட்டியைத் தேடுவது தெரிந்தாலே பாக்கியலக்ஷ்மி அதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள். சாயா குடித்து கிளாஸும் கழுவின பிறகுதான் அது கண்ணைத் திறக்கும்.

தங்கை ரோஜாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தாய்மாமன் மாலை போட வேண்டும். மாமன் முத்துராமலிங்கம் பக்கத்து யூதர் தெருவில், ஜூ டவுனில், பழைய சாமான் கடை வைத்திருப்பவர். செல்வி கல்யாணத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று கோபித்துப் போனவர், அப்புறம் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அக்கா பாக்கியலக்ஷ்மி போய் அழுததற்கு, "வாரேன். மாலை போடுறதை அங்க வந்து பார்ப்போம்" என்றார்.

மாமன் தங்களைத் தோளில் தூக்கித் திரிந்த படங்களையெல்லாம் மண்டபச் சுவரில் ஓடவிட்டால் மனசு இளகாதா என்று செல்விக்கு யோசனை. ஆனால் பத்துப் படம் திறந்தால் பெட்டி மூச்சு முட்டி நின்றுவிடும்.

"விண்டோஸைத் தூக்கிப் போடுக்கா" என்றான் விக்கி போனில். "லினக்ஸ் போடு, அதுல எக்ஸ்எஃப்சிஇன்னு ஒரு முகப்பு இருக்கு, அதை வை. எலி படம் போட்டிருக்கும். கனமே இல்ல, காசும் இல்ல. உன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவைச் செருகிப் போட்டும்விட்டாள். அம்மாடி! பொத்தானை அமுக்கிய கை எடுப்பதற்குள் வந்து நின்றது. செல்விக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் மேலே இருந்த பட்டையைக் கீழே இறக்கினாள், பக்கவாட்டில் நிறுத்தினாள், மஞ்சள் அடித்தாள், அழித்துப் பச்சை அடித்தாள். சின்னச் சின்னப் படங்களையும் மாற்றலாம் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் முழுக்கப் போட்டோவாக உள்ளே வந்துவிட்டது. கோப்பெல்லாம் இருக்கிற இடத்துக்குப் பெரியத்தை, அவள் பீரோவில் இல்லாதது கிடையாது. ஊர்ச் சேதி பார்க்க ஓமனா சித்தி. கணக்குப் போட அப்பா. குப்பைக்கூடைக்கு மாமன். தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். விசேஷத்துக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தில் சுவருக்கு வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டருக்கு வயரெல்லாம் மாட்டியாயிற்று. செல்வி மாமனை எதிர்கொள்ள வாசலுக்கு ஓடினாள். உள்ளே பாக்கியலக்ஷ்மி, இப்போதே போட்டால்தான் சரியாக இருக்கும் என்று பழைய வழக்கப்படி பொத்தானை அமுக்கினாள்.

மாமன் உள்ளே காலை வைக்கிறார், சுவர் முழுக்கச் சொந்தக்காரர்கள்!

"ஏட்டி, அந்தக் கூடை மேல இருக்கது நான்தானே?"

"ஆமா மாமா."

"எதுக்குள்ள கூடை?"

"குப்பைக்கு மாமா."

பாக்கியலக்ஷ்மி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு போட்டதைப் பத்திரமா வச்சிருந்து, கேட்டா திருப்பித் தர்ற இடம் மாமா அது. நம்ம குடும்பத்துல அது உங்க வேலைதானே?"

மாமன் சுவரையே பார்த்தார். "நான் பேசாம இருந்த நேரத்துலயா போட்டே?"

"ஆமா."

"தினம் பார்ப்பியா?"

"பெட்டியைத் திறந்தா முதல்ல உங்க மூஞ்சிதான்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ராசப்பன் பதறிப் பக்கத்தில் போனால், மனுஷன் சிரிக்கிறார்! "இந்த போட்டோ கொள்ளாது, நல்லாயில்ல. மீசை முறுக்கினது ஒண்ணு இருக்கு, அதைப் போடு. எங்க மாலை? கொண்டா இங்க!"

ரோஜா கழுத்தில் மாலை விழுந்தது. "செல்வி, நான் எங்கட்டி?" என்று சின்னத்தை சண்டைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் போனை நீட்டிக்கொண்டு ஆறேழு பேர். செல்வி ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருக்க, முதல் பந்தியில் தலை இலையில் உட்கார்ந்த மாமன் சத்தம் போட்டார்:

"கூடையை மட்டும் யாருக்கும் கொடுத்திராத, ஏட்டி!"