மார்க் வாங்கிய பாட்டிலும் மேசைக்கு வந்த பாட்டிலும்

1. திரும்பி வந்த கிளாஸ்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில், மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் உணவுத் தரக் கட்டுப்பாடு என் வேலை. ஒரு மே மாத மதியம் பாரிலிருந்து அழைத்தார்கள். விருந்தினர் ஒருவர் ரெட் வைனை ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். மெனு கார்டில் அந்த வைனுக்குப் பக்கத்தில் 91 என்று அச்சிட்டிருந்தோம். இரண்டு மாதம் முன்பு வந்து தங்கிய பத்திரிகை விமர்சகர் ஒருவர் நூற்றுக்குப் போட்ட மார்க் அது.

மேனேஜர், பார் ஊழியர் முனுசாமியை நிற்கவைத்திருந்தார்.

"பழைய பாட்டில்ல மிச்சம் இருந்ததை ஊத்திட்டியா? உண்மையைச் சொல்லு. இல்லன்னா யூனிஃபார்மைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு."

"புது பாட்டில் சார், இப்பதான் ஒடைச்சேன். நீங்களே குடிச்சுப் பாருங்க."

"நான் குடிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"அப்ப இன்னாத்த வச்சி சார் என்னைத் திருடன்றீங்க?"

2. மூன்று சந்தேகங்கள்

நோட்டில் எழுதினேன்: கலப்படம், கெட்ட சரக்கு, சேமித்து வைத்த விதம். ஸ்டோரிலிருந்து சீல் உடையாத ஆறு பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னேன். மேல் ஃபாயிலை உரித்ததும் நான்கில் கார்க் எழும்பியிருந்தது. கழுத்தில் வைன் கசிந்து பிசுபிசுத்தது. சூடு பட்டதன் அடையாளம். ஸ்டோர் சுவருக்கு அந்தப் பக்கம் லாண்டரி பாய்லர்.

"அந்த ரூம் அடுப்பு மாதிரி கீதுன்னு போன வருசமே சொன்னேன். யாரு கேட்டாங்க?" என்றார் முனுசாமி.

மேனேஜர் மசியவில்லை. "அந்த விமர்சகர் குடிச்சதும் இதே பேட்ச், இதே ஸ்டோர். அவருக்கு மட்டும் நல்லா இருந்துச்சே? இவன்தான் எங்கயாவது வெயில்ல போட்டு வச்சிருப்பான்."

3. என் கையெழுத்து

அந்தக் கேள்விக்குப் பதில் என் ஃபைலில், என் கையெழுத்தோடு இருந்தது. விமர்சகருக்கு வைத்த மூன்று பாட்டில்களும் ஸ்டோருக்கே போகாதவை. சரக்கு இறங்கிய அன்றே பார் கூலருக்குப் போனவை. அதிலும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கியவள் நான். சோதனைக்கான மாதிரியைப் பார்த்துப் பொறுக்கக் கூடாது, கைக்கு வந்ததை எடுக்க வேண்டும் என்று முதல் செமஸ்டரிலேயே படித்திருந்தேன். வீட்டுக்கு வந்தவருக்கு நல்ல பழமாகப் பார்த்து எடுத்து வைப்பதுபோல அன்று செய்துவிட்டேன். அது தவறு என்றுகூட அப்போது தோன்றவில்லை.

நான் பேசாமல் இருந்தால் அந்த ஃபைலை யாரும் திறக்கப் போவதில்லை. முனுசாமி யூனிஃபார்மைக் கழற்றச் சட்டைப் பொத்தானில் கை வைத்துவிட்டார்.

"சார், அவருக்குக் கொடுத்தது ஸ்டோர் பாட்டில் இல்ல. கூலர்லேந்து நான் பொறுக்கி எடுத்தது" என்றேன்.

எனக்கு மெமோ வந்தது. முனுசாமிக்கு வேலை நிலைத்தது. வைன் ஏசி அறைக்கு மாறியது. 91 கார்டிலிருந்து போனது.

அடுத்த வருடம் அதே விமர்சகர் வந்தபோது முனுசாமி கேட்டார்: "மேடம், இந்த வாட்டி நான் கண்ண மூடிகினு எடுக்கட்டா?"

எடுத்தார். மார்க் 84. அதையே அச்சிட்டோம். மேனேஜருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அந்த மார்க்கை நம்பி வாங்கிய யாரும் கிளாஸைத் திருப்பி அனுப்பவில்லை.

விமர்சகரின் நாக்கை நான் இன்றும் சந்தேகப்படுவதில்லை. எந்த மார்க்கைப் பார்த்தாலும், அவர் கையில் அந்த பாட்டிலைக் கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.