அரிசோனாவுக்கு நான் போட்ட வழி

லண்டன் இல்ஃபோர்டில் நான் வேலை செய்த பெட்ரோல் நிலையத்தின் மனேஜர் அவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். எந்நேரமும் கச்சான் கடலை உடைத்துத் தின்பார். கோதுகள் எதிரில் இருப்பவரின் மேசையில்தான் விழும்.

ஒருமுறை குடும்பத்தோடு அரிசோனாவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார். பூங்காக்கள், பழைய கோட்டைகள் எல்லாவற்றுக்கும் வழி போடும் வேலையை என்னிடம் தந்தார். ஊரில் நான் புவியியல் ஆசிரியன். இங்கே அகதி வழக்கு முடியாமல் அப்போது ஆறு வருடமாகக் காத்திருந்தவன். நூலகத்தில் வரைபடங்களைப் பார்த்து, பயணத்தின் பதினான்கு நாளையும் ஆசையோடு எழுதிக் கொடுத்தேன்.

வாசித்துவிட்டுச் சிரித்தார். "உனக்கென்ன, பேப்பரிலயே எல்லா இடமும் பாத்திட்டாய். இனி உனக்கு விசா என்னத்துக்கு?"

"ஓம் அண்ணை" என்றேன்.

திரும்பி வந்த அன்று, எல்லோருக்கும் முன்னால் அந்தத் தாள்களை என் முகத்தில் எறிந்தார். "கோட்டை திங்கக்கிழமை பூட்டு. பிள்ளையளோட வெயிலுக்க நிண்டனான். நீயெல்லாம் ஒரு வாத்தியோ?"

பிறகு ஒரு மாதம் எனக்கு ஞாயிறு லீவு கிடைக்கவில்லை. அவரை நான் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கும் அவரை நினைத்தால், திங்கட்கிழமையைக் கவனிக்காமல் விட்டேனே என்று எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.