மூன்றரை மணிக்குக் கேட்ட கேள்வி

அந்த ஆவணி மாதப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. என் மனைவி நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்து அது மூன்றாம் நாள். கிரிவலம் வந்து வெயிலில் மயங்கி விழுந்தவர்களை ஆட்டோ ஆட்டோவாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். வராந்தா பெஞ்சில்கூட ஆட்களைப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எங்கள் வார்டுக்கு ஒரே ஒரு நர்ஸ். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண்.

காலையில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து என் மனைவியின் மூச்சை எண்ணியதைக் கவனித்திருந்தேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தேதியும் நேரமும் எழுதியே பழகிய கை என்னுடையது. பிற்பகலில் நானும் எண்ணி டைரியில் எழுதத் தொடங்கினேன். மணி 3.00, நிமிடத்துக்கு 22. மணி 3.25, 26. மணி 3.50, 30. மணி 4.15, 34. எழுதிவிட்டால் அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டதாக எனக்கு எப்போதும் ஓர் எண்ணம்.

மூன்றரை மணிக்கு அந்த நர்ஸ் பாட்டில் மாற்ற வந்தாள்.

"பெரிம்மா எப்படி இருக்காங்க பெரிப்பா?"

"நல்லாத்தாம்மா இருக்கா. நீ போய் வராந்தால இருக்கறவங்களப் பாரு."

காலையிலிருந்து அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அதனால் அப்படிச் சொன்னேன். டைரி என் மடியில் திறந்தபடி இருந்தது.

ஐந்து மணிக்கு அவள் திரும்பி வந்தபோது என் மனைவியின் உதடு நீலம் பாரித்திருந்தது. கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆறரைக்கு என் மகன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். "மதியானம் பூரா ஒருத்தரும் வந்து கேக்கலயாப்பா?" என்றான். "யாரும் கேக்கலப்பா" என்றேன். அவன் நேரே போய் அந்தப் பெண்ணை வராந்தாவில் நிறுத்தி, அத்தனை பேர் எதிரில் திட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். பதில் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலூருக்குக் கொண்டுபோனோம். திங்கட்கிழமை விடியும்போது என் மனைவி இறந்துபோனாள்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மாள் வேங்கிக்கால் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. துக்கம் கேட்க வந்தபோது, மூச்சை எண்ணி எழுதியதைச் சொல்லி, அவரிடமும் "யாரும் கேக்கல" என்றுதான் சொன்னேன். மகனிடம் சொன்னதை மாற்ற முடியவில்லை. டைரியிலும் அப்படியே எழுதிவைத்தேன். தை மாதம் அவர் மறுபடி வந்தார். கல்லூரியில் ஒரு பொம்மை இருக்கிறதாம். மார்பு ஏறி இறங்கும், நாடி துடிக்கும். நோயாளி மோசமாவதை மாணவிகள் முதலில் அதை வைத்துப் பழகிக்கொண்டு, பிறகுதான் வார்டுக்குப் போக வேண்டுமாம். பக்கத்தில் வீட்டுக்காரராக உட்கார ஓர் ஆள் வேண்டும்.

"நீங்க சொன்னதையே பாடமா வெச்சிருக்கேன் சார். மூச்ச எண்ணி நோட்டுல எழுதிக்கினு இருங்க. அவளுங்களா கேட்டா மட்டும் சொல்லுங்க."

அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. ஒப்புக்கொண்டேன்.

பொம்மைக்கு மாணவிகள் ஒரு புடவையைச் சுற்றி, ஆயா என்று கூப்பிட்டார்கள். ஆயாவுக்கு ரேஷன் கார்டு ஒன்றுதான் பாக்கி என்று சிரிப்பார்கள். ஆசிரியை கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கணினியில் அமர்ந்து மூச்சின் வேகத்தைக் கூட்டுவார். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து மானிட்டரைப் பார்ப்பாள், டிரிப்ஸைச் சரிசெய்வாள், போய்விடுவாள். நான்கு புதன்கிழமைகளில் ஒருத்திகூட என் நோட்டைக் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் முடிந்த பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுவது வழக்கம்.

"ஆயாக்கு மூச்சு வாங்குது, நீ மானிட்டர மொறச்சிக்கினு நிக்கிற. அதுல இன்னா, சீரியலா ஓடுது?" என்று ஆசிரியை ஒருத்தியைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் குரலைத் தணித்து, "அன்னிக்கு டூட்டில இருந்த நர்ஸும் இதேதான் பண்ணாங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒரு உயிர் பொழச்சிருக்கும்" என்றார். ஒவ்வொரு புதனும் இதைச் சொல்வார். ஒவ்வொரு புதனும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது புதன்கிழமை, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி என்னிடம் திரும்பினாள்.

"ஐயா, அவங்க கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

"ஏய், இன்னா கேள்வி இது?" என்றார் ஆசிரியை.

"இல்ல மேடம். எங்கப்பாவ யாரு கேட்டாலும் நல்லாக்கீறேன்னுதான் சொல்லுவாரு. சுகர் ஜாஸ்தியாயி கால எடுத்தாங்களே, அதுக்கு மொத நாளுகூட அப்படித்தான் சொன்னாரு."

சட்டைப்பையில் என் சொந்த டைரி இருந்தது. நடிப்பதற்குக் கொடுத்த நோட்டு வேறு, இது வேறு. ஏனோ எல்லாப் புதன்கிழமையும் இதையும் எடுத்துவந்திருந்தேன். எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்து அவளிடம் கொடுத்தேன்.

"கேட்டாங்கம்மா. மூணரைக்குக் கேட்டாங்க. நல்லாத்தான் இருக்கான்னு சொன்னது நான்தான். யாரும் கேக்கலன்னு இதுல எழுதியிருக்கறது பொய்."

மின்விசிறிக் காற்றில் டைரியின் தாள் படபடத்தது. அந்த மாணவி பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சின் எண்கள் இருந்த நான்கு வரிகளையும் படித்தாள். என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "அந்த நர்ஸப் பத்தி எத்தன வாட்டி தப்பா சொல்லிட்டேன் சார்" என்றார் ஆசிரியை.

அன்றே மகனுக்குப் போன் செய்து சொன்னேன். "சரிப்பா" என்றான். அதன் பிறகு எங்கள் இருவர் பேச்சிலும் அந்த நாள் வருவதில்லை. மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். அந்தப் பெண் ஐப்பசியிலேயே வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் வருகிற நேரத்துக்கு நான்கு நாள் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தேன்.

ஆசிரியை பாடத்தை மாற்றினார். எப்படி இருக்காங்க என்று கேட்டுவிட்டு நகரக் கூடாது. என்ன மாறியிருக்கிறது என்று கேட்க வேண்டும், பதில் வரும்வரை நிற்க வேண்டும். அடுத்த புதன்கிழமை முதலில் வந்தவள் அந்த மூலை மாணவி. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மதியத்துலருந்து அவங்களுக்கு இன்னா மாறியிருக்குங்க ஐயா?"

"மூச்சு. இருபத்திரண்டா இருந்துச்சு. இப்ப முப்பத்துநாலு."

அவள் எழுந்து கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஆக்சிஜன் வைத்தாள், டாக்டருக்குப் போன் செய்து எண்களைச் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் ஆசிரியை வேகத்தைக் குறைப்பது தெரிந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பது. கொஞ்ச நேரத்தில் இருபத்தாறு. பிறகு இருபத்திரண்டு.

மாணவிகள் கைதட்டினார்கள். ஆயா பிழைத்துவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். பொம்மையின் புடவை ஒரு பக்கம் நழுவியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு, அடுத்தவள் உள்ளே வருவதற்காக என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூச்சு மறுபடி இருபத்திரண்டிலிருந்து ஏறத் தொடங்கியது.