ஓரிரு இடங்களில்

பிள்ளைகளா, அப்பா செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

போன சித்திரையில் கம்பத்துத் தோட்டத்தில் திராட்சை வெட்டு நடந்தது. கம்பிப் பந்தலுக்குக் கீழே ஆறு பெண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் போனில் வானிலைச் செய்தி வந்தது. தேனி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யலாம் என்றது. மழை பட்டால் பழம் வெடித்துவிடும். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. "வெரசா வெட்டுங்க, மழை வருதாம்!" என்று விரட்டினேன்.

அவர்களில் ஒருவரான, வெட்டுக்கு ஆள் கூட்டிவரும் செல்லத்தாய் அக்கா கத்தரியைக் கீழே வைத்தார்.

"இடி விழும்னும் சொல்றாகளா தம்பி?"

"ஓரிரு இடத்துலதான்க்கா. நேத்தும் இப்படித்தான் சொன்னாக. ஆண்டிபட்டியில பேஞ்சுட்டுப் போச்சு."

"இன்னைக்கு அந்த இடம் இங்கனயா இருந்தா? தலைக்கு மேல பூராம் கம்பி. பழம் வெடிச்சா ஜூஸ் கடைக்காரராச்சும் வாங்குவாக. கருகிப்போன எங்களை யாரு வாங்குவாக? ஏ, வாங்கடி வெளிய!"

சிரித்துக்கொண்டே எல்லோரும் தோட்டத்து வீட்டுக்குள் போனார்கள். நான் கோபத்தோடு பின்னால் போனேன். கால் மணி நேரத்தில் பந்தல் மூலையில் மின்னல் இறங்கியது. கம்பி நெடுக வெளிச்சம் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன்.

"தம்பிக்குத் தண்ணி குடுங்கடி, பயந்துட்டாப்ல" என்றார் அக்கா.

பழம் பாதி வெடித்தது. ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

மழை விட்டதும், அவர்கள் உள்ளே டீ குடிக்கையில், நான் மட்டும் பந்தலுக்குப் போனேன். காலையில் வெட்ட இறங்கும்போது அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் சேற்றில் கிடந்தன. ஆறு ஜோடியையும் வாய்க்காலில் கழுவி, வீட்டு வாசலில் வரிசையாக வைத்தேன்.